பயிற்சிக்காகப் பூட்டிய நூலகம்

‘பயிற்சி’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. படிப்பின் மேல் வெறுப்பு கிடையாது. நூலகராக இருந்துகொண்டு படிப்பை வெறுத்தால் விளங்குமா? கோபமெல்லாம் அந்தப் பெயரில் எங்களை வைத்து நடத்திய கூத்தின் மேல்தான். புத்தகத்துக்கு அட்டை போடுவது எப்படி என்று ஒருவர் ஒரு முழு நாள் பேசினார். அடுத்த வருஷமும் அதே ஆள், அதே பேச்சு, நடுவில் சொல்கிற அதே ஜோக். நாங்களும் புதுசாகக் கேட்கிற மாதிரி சிரித்து வைத்தோம். இரண்டாயிரத்துக்குப் பிறகு கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்தார்கள். என் நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்து சேர்வதற்குள் கற்றதெல்லாம் மறந்தே போனது. இதையெல்லாம் தலையில் அடித்துக்கொண்டு மறந்துவிடலாம். தொண்ணூறுகளின் நடுவில் நடந்த ஒரு பயிற்சியை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிதில் எனக்கு வேலை கிடைத்தது. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய வாடகைக் கட்டடத்தில் ஒரு கிளை நூலகம். அங்கே நூலகர் நான், கூட்டுகிறவள் நான், குடிதண்ணீர் பிடித்து வைக்கிறவளும் நான். நான் போனால் கதவு திறக்கும், போகாவிட்டால் அன்றைக்கு ஊருக்கு நூலகம் இல்லை. மாவட்டத்தில் முக்கால்வாசிக் கிளைகளின் கதை இதுதான்.

செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு கிளையில் என்னோடு வேலைக்குச் சேர்ந்த தோழி இருந்தாள். வெள்ளிக்கிழமை எங்களுக்கு வார விடுமுறை. சாயங்காலம் தேரடித் தெருவில் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து காபி குடிப்போம். ஆரம்பத்தில் புடவைக் கதை, பஞ்சப்படிக் கதை என்றுதான் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் அவள் சும்மா இருக்கமாட்டாமல், “இந்த வாரம் உங்கிட்ட இருந்து யாருடி வெறுங்கையோட திரும்பிப் போனாங்க?” என்று கேட்டாள்.

“யாரும் இல்லையே” என்றேன்.

“சும்மா சொல்லாத. என்கிட்ட இருந்தே ஜாஸ்தி பேர் போயிருக்காங்க. யோசிச்சுச் சொல்லு.”

யோசித்தேன். சுருக்கென்றது. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் தினமும் வருவார், பேப்பரை விரிப்பார், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடுவார். பொழுது போகாமல் வந்துபோகிற ஆள் என்று நினைத்திருந்தேன். அவர் உட்காரும் இடத்துக்கு மேலே டியூப்லைட் எரிகிறதா என்று தோழி கேட்டாள். அது எரியாமல் எத்தனையோ மாதம். மறுநாள் அவர் நாற்காலியைத் தூக்கி ஜன்னல் ஓரம் போட்டேன். மனிதர் பூட்டுகிற நேரம் வரைக்கும் நகரவில்லை.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கேள்விதான். படிக்கிறவர் மேல் பழி போடக்கூடாது, நாம் என்ன செய்யாமல் விட்டோம் என்றுதான் பார்க்கவேண்டும். வேறு விதி எதுவும் நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. சில வாரம் சண்டையே வரும். “பெருசா பேசற, உன் லைப்ரரில இங்கிலீஷ் பேப்பர்ல வெத்தலை பாக்குப் பொட்டலம் கட்டி வெச்சிருந்தியே” என்று நான் அவளைக் கிண்டல் செய்வேன். அவள் என்னைத் திருப்பிக் கொட்டுவாள். நான் என் தொழிலைக் கற்றுக்கொண்டது அந்த மேஜையில்தான். இதை எந்த மேடையில் வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.

பெண்கள் என் நூலகத்தில் உட்காருவதே இல்லை என்பதும் அந்த மேஜையில்தான் எனக்கு உறைத்தது. வருவார்கள், என் மேஜை முன்னால் நின்றபடியே கைக்குக் கிடைத்த புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். கூடம் முழுக்க ஆண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் எந்தப் பெண் உள்ளே போய் உட்காருவாள்? கதை அலமாரி இரண்டைத் திருப்பிப் போட்டு, அதற்குப் பின்னால் ஒரு பெஞ்சு வைத்தேன். வாசலில் இருந்து பார்த்தால் பெஞ்சு தெரியாது, என் மேஜையில் இருந்து தெரியும்.

அப்படி அந்தப் பெஞ்சுக்கு வந்தாள் ஒரு பெண். பக்கத்திலேயே அவள் புகுந்த வீட்டுக்காரர்களுக்குக் கிரிவலம் வருகிறவர்களை நம்பி ஒரு கடை இருந்தது. சூடம், ஊதுவத்தி, தண்ணீர், டீ. கல்யாணத்துக்கு முன்னாலேயே டிகிரி முடித்தவள். அரசு வேலைக்கான குரூப் பரீட்சை எழுதவேண்டும், வயசு வரம்புக்கு அதுதான் கடைசித் தடவை. இரண்டு தடவை கொஞ்சத்தில் தவறியிருந்தாள்.

“ஊட்ல படிக்க முடியலக்கா. புக்கத் தொறந்தா ஒருத்தர் டீ கேப்பாங்க, ஒருத்தர் சில்லற கேப்பாங்க. அத்தை ஒண்ணும் சொல்லல, ஆனா கூப்புட்டுக்கினே இருப்பாங்க” என்றாள்.

“உன் வூட்டுக்காரர்?”

“அவருக்கு நான் வேலைக்குப் போனா சந்தோசம்தான். படிக்க விடணும்னு மட்டும் தோணாது.”

மத்தியானம் கடையில் கூட்டம் கம்மியான பிறகு, சாப்பாட்டு இடைவேளை முடிந்து நான் கதவு திறக்கிற நேரத்துக்கு வருவாள், மாலை பூட்டும்போதுதான் எழுந்திருப்பாள். பொது அறிவு, தமிழ், கணக்கு என்று பீரோவில் பூட்டி வைத்திருந்த புத்தகங்களையெல்லாம் எடுத்து அவள் பக்கத்தில் அடுக்கிவிட்டேன். சில மாதத்தில் மாதிரித் தேர்வுகளை மளமளவென்று போட்டாள். நான் திருத்துவேன். தப்பு குறைந்துகொண்டே வந்தது. இந்தத் தடவை இவளுக்குக் கிடைத்துவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. எனக்கு ஆன சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அப்போது வந்தது உத்தரவு. ‘வாசகர் சேவை மேம்பாட்டுப் புத்தாக்கப் பயிற்சி’. இரண்டு வாரம், காலை முதல் மாலை வரை. டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில். பரீட்சைக்கு முந்தின இரண்டு வாரம்!

எங்கள் ஆபீசரைப் போய்ப் பார்த்தேன்.

“சார், அடுத்த பேட்ச்ல போட்டுருங்க சார். என் லைப்ரரில ஒரு பொண்ணு பரீட்சைக்குப் படிக்குது. கடைசி சான்ஸ்.”

“ஒரு ஆளுக்காக எப்படிம்மா மாத்தறது? அப்பறம் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க.”

“அப்ப சாயங்காலம் பயிற்சி முடிஞ்சதும் நானே போய்க் கொஞ்ச நேரம் தொறந்து வெக்கறேன். அதுக்குச் சம்பளம்கூட வேணாம்.”

“பயிற்சில இருக்கறப்ப நீங்க அந்த லைப்ரரி பொறுப்புலயே இல்லம்மா. உள்ள ஒரு பொருள் காணாமப் போனா யாரு பதில் சொல்றது? சாவிய முதல் நாளே ஒப்படைச்சுருங்க. உங்க நல்லதுக்குத்தான பயிற்சி வெக்கறோம்? ரெண்டு வாரம் பூட்டியிருந்தா ஊர் ஒண்ணும் முழுகிடாது.”

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அந்தக் கட்டடத்துக்குச் சொந்தக்காரர் விவசாயி, நல்ல மனிதர். அவரிடம் இன்னொரு சாவி இருந்தது. அவரையும் கேட்டேன். “உள்ள கவர்மெண்ட் பொருளு இருக்குதும்மா. நாளைக்கு ஒண்ணு கொறஞ்சா என் தலையிலதான் விடியும்” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்தப் பெண்ணிடம் சொன்னபோது முகம் விழுந்துவிட்டது. வெளியே கொடுக்கக்கூடாத புத்தகங்களில் முக்கியமான இரண்டை எடுத்து அவள் பையில் திணித்தேன். விதியாவது மண்ணாங்கட்டியாவது. டவுனில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து படிக்கலாம் என்றும் கூப்பிட்டேன்.

“டவுனுக்குப் போறேன்னா வுடமாட்டாங்கக்கா. பத்தடியில இருக்குது, கூப்புட்டா வந்துடுவான்னுதான் இங்கயே வுடறாங்க” என்றாள். பிறகு எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, “பரவால்லக்கா, எப்படியாச்சும் ஊட்லயே பாத்துக்கறேன்” என்றாள்.

மண்டபத்தில் முதல் நாள். வாசலில் மேஜை போட்டுப் பேர் பதிந்தார்கள். கல்யாணத்தில் சந்தனமும் கல்கண்டும் வைத்து நீட்டுவார்களே, அந்த எவர்சில்வர் தட்டு அதே மேஜையில் இருந்தது. ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தங்கள் நூலகத்தின் சாவியை அதில் போட்டார்கள். சின்னச் சாவி, பெரிய சாவி, சிவப்புக் கயிறு கட்டினது, அட்டையில் ஊர்ப்பேர் எழுதித் தொங்கவிட்டது. தட்டு நிறைந்துவிட்டது. சுற்றுவட்டாரத்தில் எத்தனை ஊர் உண்டோ அத்தனையும் பூட்டி அந்தத் தட்டில் கிடந்தன. மேடையில் ‘வாசகரே நம் எஜமானர்’ என்று துணி கட்டியிருந்தார்கள். என் சாவியைப் போடும்போது என் கை கொஞ்சம் ஓங்கித்தான் போட்டது.

அட்டை போடும் ஆள் இந்தத் தடவையும் வந்திருந்தார். ஜோக்கும் வந்தது. வாசகரிடம் புன்னகையோடு பேசவேண்டும் என்று ஒருவர் கற்றுக்கொடுத்தார், பேசி முடிக்கும் வரை அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை. மாலை ஆனதும் அந்தத் தட்டைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும். என் சாவி சிவப்புக் கயிற்றுச் சாவிக்குக் கீழே கிடக்கும். பார்க்காமல் போக முயற்சி செய்வேன், முடியாது.

இரண்டாவது வாரத்தில் ‘சுயமதிப்பீடு’ என்று ஒரு வகுப்பு. வெளியூரில் இருந்து வந்தவர், கனிவாகத்தான் பேசினார். செய்த வேலையைத் திரும்பிப் பார்க்கவேண்டும், நம் குறையை நாமே கண்டுபிடிக்கவேண்டும் என்றார். எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. எங்கள் காபி மேஜைப் பேச்சை இவர் பேசுகிறாரே! ஒவ்வொருவரும் எழுந்து தன் நூலகத்தின் குறை ஒன்றைச் சொல்லச் சொன்னார். ஆபீசர் முன்வரிசையில் இருந்ததால், அவருடைய ஆதரவால் குறையே இல்லை என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் முறை வந்தது.

“என் லைப்ரரி பூட்டியிருக்கு சார். அதான் குறை” என்றேன்.

மண்டபமே சிரித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி என் புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

“நீங்க சொன்ன மாதிரி திரும்பிப் பாக்கறதுக்கு எங்கள இங்க கொண்டாந்து அடைக்க வேணாம் சார். மாசத்துல ஒரு நாள் நான் இன்னொருத்தர் லைப்ரரில போய் உக்காந்து பாக்கறேன், அவங்க என் லைப்ரரில வந்து பாக்கட்டும். யாரு வெறுங்கையோட போறாங்கன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறோம்.”

ஆபீசர் திரும்பிப் பார்த்தார். “நல்லாருக்கும்மா. நீங்க ஊர் சுத்தப் போயிட்டா உங்க லைப்ரரிய யாரு பாத்துக்கறது?”

மறுபடியும் சிரிப்பு.

“இப்ப யாரு சார் பாத்துக்கறாங்க?” என்று கேட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. வெளியூர்க்காரர் குனிந்து காகிதங்களை அடுக்கினார், பிறகு எல்லாரும் டீ சாப்பிட்டு வரலாம் என்றார். “மெமோ நிச்சயம்டி உனக்கு” என்றாள் தோழி. வரட்டுமே என்றிருந்தேன். மெமோ வரவில்லை. கடைசி நாள் எல்லாருக்கும் போல எனக்கும் பூப்போட்ட ஒரு சான்றிதழைக் கொடுத்து, தட்டில் இருந்து சாவியைப் பொறுக்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை முடிந்துபோனது. மறுநாள் நூலகத்தைத் திறக்கப் போனேன். கதவில் நான் ஒட்டிவிட்டுப் போன காகிதம் அப்படியே இருந்தது. படி முழுக்கக் காய்ந்த வேப்பிலை. கட்டடக்காரர் வந்து நின்றார்.

“அந்தப் பொண்ணு மொத ரெண்டு மூணு நாளு இந்தப் படிக்கட்டுலயே உக்காந்து படிச்சிச்சும்மா. அப்பறம் பௌர்ணமிக் கூட்டம் வந்துடுச்சு. அவங்களும் பக்கத்துல பக்கத்துல உக்காந்தாங்க, செருப்ப அங்கயே வுட்டுட்டுப் போனாங்க. மாமியாக்காரம்மா வந்து, பூட்டின எடத்துல உனக்கு இன்னா வேலன்னு கூட்டினு போயிட்டாங்க” என்றார்.

காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கூட்ட ஆரம்பித்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் துடைப்பத்தைத் தரையில் போட்டு அடித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அவள் வந்தாள். பெஞ்சுக்குப் போகவில்லை. எல்லாப் பெண்களையும் போல என் மேஜை முன்னால் நின்று, இரண்டு புத்தகத்தையும் வைத்தாள். அடையாளத்துக்கு நான் செருகிக் கொடுத்த காகிதத் துண்டுகள் அதே பக்கத்தில் இருந்தன.

“எப்படிம்மா எழுதின?”

“வராதுக்கா” என்றாள். “கணக்கு பூரா வுட்டுட்டேன். பாத்த கணக்குதான், கை வரல.” சில மாதம் கழித்து முடிவு வந்தபோது அதுவும் அதைத்தான் சொன்னது.

உட்காரச் சொன்னேன். கடையில் ஆள் இல்லை என்றாள். அத்தைக்குப் படித்துக் காட்ட ஒரு வாரப்பத்திரிகை கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன். அவள் பெயருக்கு எழுதும்போது மேஜையில் கிடந்த என் சான்றிதழைப் பார்த்தாள். எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாக ‘வாசகர் சேவை மேம்பாடு’ என்று அதன் தலைப்பைப் படித்தாள். அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“ரெண்டு வாரமும் இதத்தான் சொல்லிக் குடுத்தாங்களாக்கா?”

“ஆமா” என்றேன்.

“நல்லா இருந்துச்சாக்கா?” என்று கேட்டாள்.