சோற்றுப் பக்கெட்டில் நான் மறைத்தது

கோவிட் அடங்கி எல்லாரும் முகக்கவசத்தைக் கழற்றிப் போட்ட வருடம் அது. ஈப்போவிலிருந்து காம்பார் போகும் சாலையில் கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் இருக்கிறது எங்கள் லயம், வரிசையாகக் கட்டின தொழிலாளர் வீடுகள். தோட்டம் என்று பேர்தான். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. மிச்சம் இருப்பது நாங்கள் இருபது, இருபத்தைந்து குடும்பங்களும் ஒரு மாரியம்மன் கோயிலும் ஒரு சின்ன மாதா கோயிலும்தான்.

தனியார் நிலம் என்பதால் குப்பை லோரி உள்ளே வராது. மனு மேல் மனு கொடுத்து அலுத்துவிட்டோம். லயத்துக்குப் பின்னால் இருந்த பெரிய கால்வாயில் கொட்டுவோம், நிறைந்தால் கொளுத்துவோம். அப்புறம் ஒரே மாதத்தில் இரண்டு வீட்டில் டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. அவருடைய கருமாதி முடிந்த மறுநாள், இனி நம் குப்பையை நாமே பார்த்துக்கொள்வோம் என்று பெண்களையெல்லாம் கூட்டிப் பேசியவள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

குனோங் ராபாட்டில் ஒரு பாலர் பள்ளியில் எனக்கு உதவியாளர் வேலை. சின்னப் பிள்ளைகளை அதட்டி அதட்டி வாய் நீண்டுவிட்டது. சட்டம் போடுவதென்றால் எனக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. வீட்டுக்கு மூன்று சாக்கு, ஒரு பக்கெட். பேப்பர் ஒன்றில், டின்னும் பிளாஸ்டிக்கும் ஒன்றில், போத்தல்கள் ஒன்றில். சாக்கு மேல் வீட்டு நம்பரைப் பெயிண்டில் எழுதச் சொன்னேன். சோறு, காய்கறித் தோல், மீன் செதில் எல்லாம் பக்கெட்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயில் பூசை முடிந்ததும் பழைய ஆயாக் கொட்டகையில் எல்லாரும் கூடிக் கொத்தோங் ரோயோங் என்கிற கூட்டுத் துப்புரவு வேலை செய்வோம். அம்மாக்கள் ரப்பர் பால்வெட்டப் போன காலத்தில் கைப்பிள்ளைகளை விட்டுப் போன கொட்டகை அது.

அங்கே எல்லார் எதிரிலும் சாக்குகளைத் திறந்து பார்ப்பதுதான் என் சட்டம். தப்பாகப் பிரித்திருந்தால் நம்பரைச் சத்தமாகப் படிப்பேன். பிள்ளையின் பாம்பர்ஸைப் பேப்பர் சாக்கில் போட்ட பதினோராம் நம்பர்க்காரி இரண்டு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் வேலை நடந்தது. பழைய சாமான் வாங்கும் சீனர் மாதா மாதம் வேன் கொண்டுவந்தார். கால்வாயில் தண்ணீர் ஓட ஆரம்பித்தது. கொசு குறைந்தது. வேறு தோட்டத்திலிருந்துகூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

பக்கெட்டை மட்டும் யாரும் கிளறிப் பார்ப்பதில்லை. நாற்றம் அப்படி. அதில் நம்பரும் கிடையாது. உரக்குழிக்குக் கொண்டுபோனால் ஓர் அக்கா வாங்கிக் கொட்டுவார்.

அந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் பால்வெட்டியவர். புருஷன் இல்லை. மகள் கட்டிக்கொண்டுபோய் ஈப்போ பக்கம் சிலிபினில் இருந்தாள். அக்காவுக்கு இனிப்புநீர் வியாதி. யாரும் தொடாத வேலையென்று உரக்குழியை அவராகவே கேட்டு எடுத்துக்கொண்டார். சங்குல் மண்வெட்டியால் புரட்டுவார், கட்டியாக இருப்பதைக் காலால் மிதித்து உடைப்பார். பூட்ஸ் வாங்கிக் கொடுத்தோம். கால் வீங்குகிறது, கடிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். சிலிப்பர் சேற்றில் மாட்டிக்கொள்ளும். அதனால் வெறுங்கால். நானும் இரண்டு தடவை திட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

இப்போது என் வீட்டுக் கதை. என் வீட்டுக்காரர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஊரடங்கில் வேலை போனது. வீட்டில் உட்கார்ந்தவர் மெல்ல மெல்ல சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடிக்க ஆரம்பித்தார். சின்னச் சின்ன போத்தல். வெளியில் ஒருவருக்கும் தெரியாது. மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிறவர் அவர். நானோ பெண்கள் கூட்டத்தில் குடியால் கெட்ட குடும்பங்களைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறவள். எங்கள் ஏழாம் நம்பர் சாக்கைத் திறந்து அதிலிருந்து சம்சு போத்தல் உருண்டால் என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

வேலைக்குப் போகிற வழியில் வீசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மெயின் ரோடு வரைக்கும் பக்கத்து வீட்டுத் தங்கச்சியின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்துதான் போவேன். பைக்குள் போத்தல் உரசினால் அவளுக்குத் தெரியாதா? அதனால் எனக்கு ஒரு புத்தி வந்தது. சனிக்கிழமை மத்தியானம் டிவியைச் சத்தமாக வைத்துவிட்டு, போத்தல்களை அரிசிச் சாக்கில் போட்டு அம்மிக் குழவியால் நொறுக்குவேன். நொறுங்கினதை வாழையிலையில் சுருட்டிப் பழைய சோற்றுக்கு அடியில் பக்கெட்டில் வைத்துவிடுவேன். குழி ஆழம், மண் தின்றுவிடும் என்று என் மனசுக்குச் சொல்லிக்கொண்டேன். அக்காவின் கால் ஞாபகத்துக்கு வந்ததா என்று கேட்டால், வந்தது. வந்ததைத் தள்ளிவிட்டேன். அதுதான் உண்மை.

கடைசி வீட்டில் ஓர் அண்ணன் தனியாக இருந்தார். செம்பனைக்கு மருந்தடித்து ஓய்ந்தவர். அவரும் சம்சுதான் குடிப்பார், ஆனால் ஒளிவு மறைவு கிடையாது. போத்தல்களைப் பளபளவென்று கழுவிக் கொண்டுவந்து, நேற்றுக் கொஞ்சம் கூடிப்போச்சு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொள்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாக்குகளைப் பார்த்து முடித்துவிட்டு டீ கலக்கிக்கொண்டிருந்தோம். அக்கா குழியிலிருந்து ஏறிக் கொட்டகைக்குள் நடந்து வந்தார். சிமெண்டுத் தரையைப் பார்த்துவிட்டு, “யாரு இங்க சாயத்தக் கொட்டுனது?” என்று கேட்டார்.

சாயம் இல்லை. அவர் நடந்து வந்த வழியெல்லாம் ரத்தம். உள்ளங்காலில் கண்ணாடி ஏறியிருக்கிறது, அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. வியாதி அந்தக் காலை மரத்துப்போக வைத்திருந்தது. உட்கார வைத்துக் காலைக் கழுவி, கண்ணாடியைப் பிடுங்கினது நான்தான். பழுப்புக் கண்ணாடி. அதில் நனைந்த லேபிள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

இது சம்சு போத்தலாச்சே என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், எல்லாருடைய கண்ணும் கடைசி வீட்டு அண்ணன் பக்கம் திரும்பியது.

“நான் ஒடைக்கிறவன் இல்லலா,” என்றார் அவர். “என் போத்தல் எல்லாம் சாக்குல இருக்கு. எடுத்துப் பாருங்க.”

யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். தலைவி நானல்லவா. அந்த நிமிஷத்தில் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சும்மாவாவது இருந்திருக்கலாம். இரண்டும் செய்யவில்லை நான்.

“இனிமே உங்க வீட்டுக் குப்பைய நாங்க எடுக்க மாட்டோம் அண்ணே,” என்றேன்.

குரல்கூட நடுங்கவில்லை. அவர் தன் சாக்குகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அக்கா மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு, ஒன்றுமில்லை போங்க என்றார். கிளினிக்கில் மருந்து போட்டார்கள். இரண்டாவது வாரம் விரல் கறுத்தது. மூன்றாவது வாரம் மகள் வந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். விரலோடு போகும் என்றார்கள். பாதம் என்றார்கள். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். வீட்டுக்காரரிடம் சொன்னேன், யாரிடமும் மூச்சு விடாதே என்றார். முன்பு மாதிரியே கோயிலில் வாசகம் வாசித்தார். நான் கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பள்ளி விட்டதும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில் ஆரஞ்சுப் பழப் பை. இனிப்புநீர்க்காரருக்குப் போய்ப் பழம் வாங்கியிருக்கிறேன் பாருங்கள், புத்தி அந்த லட்சணத்தில் இருந்தது. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். போத்தல், குழவி, வாழையிலை, பக்கெட்.

அக்கா ஆச்சரியப்படவில்லை.

“தெரியும்,” என்றார். “சோத்துக்கு அடியில எலையச் சுருட்டி வக்கிறது ஒன் வீட்டுல மட்டும்தான். மூணு மாசமா நான்தான் வாரம் வாரம் பொறுக்கி எடுத்து, அந்தப் பக்கம் தனியா குழி வெட்டிப் பொதைச்சேன். நீ எல்லாத்துக்கும் முன்னால நின்னு பேசுறவ. ஒன் மானம் போயிறக் கூடாதுன்னு.”

போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, “அந்த வாரம் கண்ணு மங்கலா இருந்துச்சு. ஒண்ணு ரெண்டு விட்டுப் போச்சு போல,” என்றார்.

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மா பயந்து நர்ஸைக் கூப்பிட்டார். அக்கா என் கையைத் தொடவில்லை, தலையைத் தடவவில்லை. திட்டவும் இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்கிட்ட அழுது என்னா ஆகப்போவுது? அந்த மனுசன் குப்பையத் தூக்கிக்கிட்டு மெயின் ரோட்டுக்கு நடக்குறாராம். அங்க போய்ச் சொல்லு.”

அதற்கு மேல் என்னிடம் பேசவில்லை. பழப் பையை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு கொட்டகையில் எல்லார் முன்னாலும் சொன்னேன். வீட்டுக்காரர் அன்றைக்கு வரவில்லை. நான் பேசும்போது ஒருவரும் குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகும் பேசவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. பதினோராம் நம்பர்க்காரி எழுந்து தன் சாக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள். ஒவ்வொருவராகப் போனார்கள். நான் நேரே கடைசி வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். என் மேல்தான் தப்பு, மன்னிச்சுக்கங்க, நாளையிலிருந்து சாக்கு வையுங்க என்று கெஞ்சினேன்.

“சரி தங்கச்சி, சொல்லிட்டீங்க,” என்றார். “என் குப்பைய நானே பாத்துக்கிறேன். நீங்க போங்க.”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

தலைவி வேலையை அன்றே விட்டேன். சில வாரம் கொட்டகை மூடிக் கிடந்தது. கால்வாயில் மறுபடியும் பைகள் மிதக்க ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டுப் பதினோராம் நம்பர்க்காரிதான் வேலையைத் திரும்பத் தொடங்கினாள். இப்போது சாக்கில் நம்பர் இல்லை. யாரும் யார் சாக்கையும் எதிரில் திறப்பதில்லை. போத்தலுக்கென்று மூடி போட்ட ஒரு டிரம் வைத்திருக்கிறார்கள். யார் போட்டது என்று கேட்பதில்லை. என் வீட்டுக்காரர் இன்னும் குடிக்கிறார். நான் போத்தலைக் கழுவி, பட்டப்பகலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருகிறேன். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இவ்வளவுதானா, இதற்காகவா என்று வழியெல்லாம் எனக்கே என் மேல் ஆத்திரமாக வரும்.

உரக்குழியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பூட்ஸ் போட்டுக்கொண்டு புரட்டுகிறேன். கடைசி வீட்டு அண்ணன் இன்றைக்கும் குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு அந்த வெயிலில் மெயின் ரோட்டுக்கு நடக்கிறார். குழியில் நிற்கும்போது பார்த்தால் நான் வேலையை நிறுத்திவிடுவேன், அவர் என்னைப் பார்க்க மாட்டார்.

அக்கா சிலிபினில் மகள் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை போகிறேன். பேரப்பிள்ளைகள் படிப்பு, மார்க்கெட் விலை என்று என்னவெல்லாமோ பேசுவார், காலைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், அவரும் ஒவ்வொரு தடவையும் மன்னித்து அனுப்புகிறார். ஆனால் என் மானத்தைக் காப்பாற்ற வாரம் வாரம் குனிந்து கண்ணாடி பொறுக்கிய ஒரு பெண்ணின் காலை நான் எடுத்துவிட்டேன் என்பதை இறக்கி வைக்க இன்றுவரை எனக்கு ஓர் இடம் கிடைக்கவில்லை.