சாவியைப் பிடுங்கிய கட்டெறும்பு

பட்டறைக்காரருக்கு அந்தப் பெண் மேல் பல வருஷக் கோபம். இன்னும் ஆறவில்லை. யாராவது பேச்சை எடுத்தால் போதும், கையிலிருக்கும் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார்.

"என்னைப் போய் ஊதச் சொன்னா, நாலு பேர் பார்க்க!"

அவர் மகனோடு பன்னிரண்டாம் வகுப்பில் படித்தவள். ஆள் குள்ளம். பிடித்தால் விடமாட்டாள் என்பதால் வகுப்பில் கட்டெறும்பு என்று பேர் வைத்திருந்தார்கள். அம்மா ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் நர்ஸ். அன்றைக்கு வந்த உடைந்த கைகால்களைப் பற்றிச் சாப்பிடும்போதே பேசுகிற வீடு. மற்றபடி அந்த வீட்டில் யாரும் வண்டியில் அடிபட்டுச் செத்ததில்லை. செத்திருந்தால் இவள் குடித்தவர்களிடம் சாவி பிடுங்கி அலைவதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும் என்று நினைத்தவர்கள் உண்டு.

பள்ளியில் ஏழெட்டுப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு குழு வைத்திருந்தாள். பிறந்தநாள், பார்ட்டி என்று கூடுகிற இடத்துக்கு அவர்களில் ஒருவர் போவார். குடித்தவன் வண்டியைத் தொட்டால் சாவி பிடுங்கப்படும். மறுநாள் தெளிந்து வந்து வாங்கிக்கொள்ளலாம். வீட்டுக்குச் சொல்வதில்லை, ஸ்கூலுக்கும் சொல்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பட்டறையில் வேலை முடிந்து நின்ற வாடிக்கையாளர் கார் ஒன்றைக் காணவில்லை. மகனையும் காணவில்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்று பட்டறைக்காரர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அவன் சிநேகிதன் வீட்டுக்குப் போனார். வாசற்படியில் மகன் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான். கேட்டுக்கு முன்னால் கட்டெறும்பு நின்றிருந்தாள்.

"கார் சாவி உன்கிட்டதானே இருக்கு? குடும்மா."

"தர்றேன் அங்கிள். ஒரு தடவை ஊதுங்க."

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் போடுகிற வழக்கம் அவருக்கு உண்டு. அதைப் போய் இவளிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா?

"ஏய், நான் யாரு தெரியுமா? அவனுக்கு அப்பன்!"

"தெரியும் அங்கிள். ஊதவே வேணாம், நீங்க பேசுறதே போதும். வந்த ஸ்கூட்டர் சாவியையும் குடுத்துடுங்க."

உள்ளேயிருந்து பிள்ளைகள் சிரித்தார்கள். என்ன மாயமோ, கொடுத்துவிட்டார். அப்பனும் மகனும் வெயிலில் வீடு வரைக்கும் நடந்தார்கள். கார்க்காரர் சாயங்காலம் வந்து கத்திவிட்டுப் போனவர்தான், பிறகு அந்தப் பட்டறைப் பக்கமே வரவில்லை.

அடுத்த மாதமே குழுவுக்கு வேட்டு வந்தது. ஒரு வக்கீல், "என் பையன் சாவியைத் திருடிட்டா" என்று தலைமை ஆசிரியையிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். பெற்றோர் கூட்டம் வைப்போம், குழு வேண்டும் என்று பெற்றவர்களே சொன்னால் இருக்கட்டும், இல்லையென்றால் கலைத்துவிடலாம் என்று அந்த அம்மாள் முடிவு செய்தார். கட்டெறும்பு வீடு வீடாக ஏறினாள். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: நல்ல காரியம்தான், ஆனால் எங்க பிள்ளை அந்த மாதிரி இல்லை. வேண்டும் என்று வாயைத் திறந்தால் தன் பிள்ளை குடிக்கிறான் என்று ஆகிவிடும் அல்லவா.

கடைசியில் பட்டறைக்கே வந்து நின்றாள்.

"எந்த முகத்தை வச்சுக்கிட்டு வந்தே?"

"வேற முகம் இல்ல அங்கிள். நீங்க ஒருத்தர் வந்து சொன்னா போதும்."

"என்னத்தச் சொல்ல? எம் பையன் குடிச்சான்னு மைக் போட்டுச் சொல்லவா?"

"அன்னைக்கு வீடு வந்து சேர்ந்தான்னு சொல்லுங்க."

"போம்மா, போய்ப் படிக்கிற வேலையைப் பாரு."

ராத்திரி மகன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், "அப்பா, நீங்க அந்த மீட்டிங்குக்கு வந்துடாதீங்க. என்னால கிளாஸுக்குப் போக முடியாது."

அவருக்கும் அந்த எண்ணம் இல்லை. வக்கீல் அவளை எப்படிக் கிழிக்கிறார் என்று பார்க்கத்தான் போனேன் என்று இன்றைக்கும் சாதிப்பார்.

கூடம் நிறைய ஆட்கள், பிள்ளைகளும்தான். வக்கீல் நன்றாகத்தான் பேசினார். முடிக்கும்போது, "குடிகாரப் பிள்ளைங்களைப் பெத்தவங்க வேணும்னா வச்சுக்கட்டும்" என்று சிரித்தார். கூடமும் சேர்ந்து சிரித்தது. மகன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் காது மடல் சிவந்திருந்தது பட்டறைக்காரருக்குத் தெரிந்தது.

"குழு வேணும்னு நினைக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?" தலைமை ஆசிரியை கேட்டார்.

ஒருவரும் அசையவில்லை. பட்டறைக்காரர் எழுந்தார்.

"இந்தப் பொண்ணுக்குப் பெரியவங்க சின்னவங்க தெரியாது. அது வேற கணக்கு. எம் பையன் குடிச்சிருந்தான், இவ சாவியைப் பிடுங்கினா, அவன் நடந்து வீட்டுக்கு வந்தான். இருக்கட்டும் இந்தக் குழு."

அவ்வளவுதான். பின்னால் எத்தனை பேர் எழுந்தார்கள் என்று கேட்டால், "போதுமான அளவு" என்பார், அதற்கு மேல் சொல்லமாட்டார். குழு இன்னும் அந்தப் பள்ளியில் இருக்கிறது. பரீட்சை முடிந்ததும் அம்மாவுக்கு மாற்றல் வந்து கட்டெறும்பு வேறு ஊருக்குப் போய்விட்டாள், அவரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அதுவும் அவர் கோபத்தில் சேர்த்தி.

ஆனால் அவர் பேசி முடித்த அந்த நிமிஷம் வேறு யாரும் எழவில்லை. எல்லாருடைய கண்ணும் அவர் மேல் இருந்தது. முட்டியை மடக்கி நாற்காலியைக் கையால் துழாவினார். சுவர் ஓரமாக நின்றிருந்த கட்டெறும்பு நாலு வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள்:

"உட்காராதீங்க அங்கிள். இன்னும் கொஞ்ச நேரம் நில்லுங்க."