சோயா பாலும் தைராய்டு மாத்திரையும்

மலேசியாவில், கிள்ளானில் இருக்கிறேன். என் கணவர் லோரி ஓட்டுகிறார். விடியும் முன்பே பந்திங் பக்கம் கிளம்பிவிடுவார். அதற்கு முன் சேர்ந்து உட்கார்ந்து சோயா பால் குடிக்கும் கொஞ்ச நேரம்தான் எங்களுக்கென்று இருந்தது. புரட்டாசி சைவம் பிடித்துப்போய், உடம்பு இளைக்கட்டும் என்று அப்படியே தொடர்ந்தபோது வந்த பழக்கம் அது. என் தைராய்டு மாத்திரையையும் அந்தப் பாலோடுதான் விழுங்குவேன்.

கீரை, பயறு என்று அளவாகத்தான் சாப்பிட்டேன். ஆனாலும் எடை ஏறியது, முடி கொட்டியது, எந்நேரமும் அசதி. "திருட்டுத்தனமா கோழி சாப்பிடுறியா?" என்று அவர் கேட்டதும் அழுதுவிட்டேன். "சும்மா சொன்னேன்லா, அழாத" என்று பதறி, அன்றே கிளினிக்குக் கூட்டிப்போனார்.

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "மாத்திரையை எதோட போடுறீங்க?" என்றார். சொன்னேன்.

"சோயா நல்லதுதான் ஆன்டி. ஆனா கூடவே குடிச்சா மாத்திரை உடம்புல சரியாச் சேராது. ஹார்மோன் குறைஞ்சா, கம்மியா சாப்பிட்டாலும் எடை ஏறும். காலையில வெறும் வயித்துல தண்ணியோட போடுங்க. சோயாவை மதியத்துக்கு வெச்சுக்குங்க."

இப்போது உடம்பு தேறிவருகிறது. விடியலில் மாத்திரையும் தண்ணீருமாக அவர் எதிரே உட்காருகிறேன். அவரும் அந்நேரம் பால் குடிப்பதில்லை. மதியம் செம்பனை மர நிழலில் லோரியை நிறுத்தி, கடையில் ஒரு பாக்கெட் சோயா வாங்கிக்கொண்டு எனக்குப் போன் செய்வார்.

"ஊத்திட்டியா?"

"ம்."

ஸ்ட்ராவில் அவர் உறிஞ்சும் சத்தம் போனில் கேட்ட பிறகுதான் என் டம்ளரை எடுக்கிறேன்.