பெரட்டில் கிடைக்கும் கடிதம்

அந்த மாதம் முழுக்க வினோதாவுக்கு உடம்பை விட மனசுதான் அதிகம் அலுத்துப்போயிருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து, படித்து, மருந்தாளராகப் பதிவு பெற்றவள் அவள். தலவாக்கலை கடைவீதியில் சோமசுந்தரம் முதலாளியின் மருந்துக்கடை அவளுடைய உரிமத்தின் பேரில்தான் நடந்தது. வருடாவருடம் புதுப்பிக்க வேண்டிய அந்த உரிமத்துக்கு இந்த வருடம் புதிதாக ஒரு வால் முளைத்திருந்தது. வரிக் கணக்கு ஒழுங்காக இருக்கிறது என்று சான்றிதழ் காட்டினால்தான் புதுப்பிப்பார்களாம்.

வரி கட்டும் அளவுக்கு அவளுக்குச் சம்பளமே இல்லை. அதைச் சொல்லத்தான் பஸ் மாறி வரிக் கந்தோருக்குப் போனாள். அங்கிருந்த சிங்கள மிஸ் தங்கமான பெண், சிரித்த முகமாகவே கையை விரித்தாள். வரி இல்லையென்றாலும் இல்லை என்று கணினியில் பதிய வேண்டும், அதற்கான இரகசிய எண் தபாலில் மட்டுமே வரும், முன்பே அனுப்பியாகிவிட்டது. கிடைக்கவில்லை என்று வினோதா சொன்னதும், இன்னொரு தடவை அனுப்புவதாகச் சொல்லி விலாசம் சரியா என்று கேட்டாள்.

விலாசம் சரிதான். வில்லங்கமே அதுதான். லயத்துக்குத் தபால்காரர் வருவதில்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டி, பேர் வாசித்து, மலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டில் கணக்கப்பிள்ளை அதைப் பேர் சொல்லிக் கொடுப்பார். அம்மா காளியாயிக்கு வயதாகி வேலையில் பேர் வெட்டிய பிறகு, அந்த வீட்டிலிருந்து பெரட்டுக்குப் போக ஆளில்லை. கேட்க ஆளில்லாத கடிதம் எந்த மூலையில் கிடந்து மக்குமோ, யார் கண்டது.

"மாசக் கடைசிக்குள்ள வரலைன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும் பிள்ள. கோவிச்சுக்காதீங்க" என்றார் முதலாளி. அவரைக் கோவித்து என்ன ஆகப்போகிறது?

"நான் போயி வாங்கியாறேன்" என்றாள் காளியாயி அன்று சாயங்காலம்.

"பேருக்குரிய ஆள் கையிலதான் குடுப்பாங்களாம்மா. நானே போறேன்."

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். மகள் பெரட்டில் நிற்கக் கூடாது என்பதற்காகவே மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்துப் படிக்கவைத்தவள் அவள். 'நீ மட்டும் அங்க போயி நிக்காத' என்று சொல்லிச் சொல்லியே வளர்த்திருந்தாள்.

மறுநாள் கடைக்குப் போகும் சேலையோடும் குடையோடும் வினோதா பெரட்டுக்களத்தில் நின்றாள். கூடையோடு வந்த பெண்கள் கொஞ்சம் விலகி இடம் கொடுத்தார்கள். அந்த மரியாதைதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"என்ன பிள்ள, இந்தப் பக்கம்?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா.

"கடிதாசிக்குக்கா."

பேர்கள் வாசித்து முடிந்தன. அவள் பேர் வரவில்லை.

"இன்னைக்கு இல்ல பிள்ள. நாளைக்குப் பெரட்டுக்கு வந்து பாருங்க" என்றார் கணக்கப்பிள்ளை. கீழே ரோட்டில் அவளுடைய பஸ் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த நாள் அவள் கிளம்பியபோது சாரல் அடித்தது. குடையை எடுக்கப் போனவளை அம்மா தடுத்தாள். கொழுந்து பறிக்கப் போன காலத்தில் போர்த்தியது, பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த தன் பழைய கம்பளியை உதறி எடுத்து, மகள் தலையில் போட்டு, முன்பக்கம் இழுத்துச் சரிசெய்தாள்.

"களத்துல காத்துக்குக் குடை நிக்காது. இதப் போத்திக்கிட்டுப் போ" என்றாள்.