ஒரு வாளி பழைய தண்ணீர்

எங்கள் வீட்டுக்கு மீன்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாமாவின் தலைக்கு மேலே. குர்லாவில் வாங்கிய ஆறு மீன்களைத் தண்ணீரும் காற்றுமாக உப்பிய பிளாஸ்டிக் பையில் போட்டு, ரயில் நெரிசலில் நசுங்கிவிடாதபடி கையை உயர்த்திப் பிடித்தே மாட்டுங்கா வரை வந்திருந்தார். லேபர் கேம்பில் எங்கள் சந்துக்குள் நுழைந்த பிறகும் கையை இறக்கவில்லை. பின்னால் சந்துப் பிள்ளைகள் அத்தனை பேரும். முன்னால் நான், வழி விடச் சொல்லிக் கத்திக்கொண்டு. எனக்கு அப்போது ஒன்பது வயது.

மாமா அம்மாவின் தம்பி. தாராவியில் கண்ணாடி அறுக்கும் பட்டறையில் வேலை. அங்கே மிஞ்சிய துண்டுகளை ஒட்டி அவர் செய்த தொட்டி, நான்கு நாட்களாக எங்கள் அலமாரி மேல் காலியாகக் காத்திருந்தது. அப்பா மட்டும் உற்சாகப்படவில்லை. "இருக்க மூணு பேருக்கே தண்ணி காணல. இதுல இன்னும் ஆறு பேரா?" என்றார்.

நான் ஒரு புது நோட்டில் பட்டியல் போட்டேன். கப்பி நான்கு, கறுப்பு மாலி இரண்டு. கப்பிகளில் ஒன்று வயிறு புடைத்து, வால் பக்கம் கறுத்திருந்தது. அது குட்டி போடப் போகிறது, முட்டை அல்ல, குட்டியேதான் என்று மாமா சொன்னதை மூன்று முறை அடிக்கோடிட்டேன். அடுத்த பக்கத்தில் கடைக்காரர் சொல்லியனுப்பிய விதிகள். தீனி ஒரு சிட்டிகைதான். வெயில் படக்கூடாது. குழாய்த் தண்ணீரில் மருந்து இருக்கும், அதனால் இரண்டு நாள் திறந்து வைத்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

அதற்காக மூலையில் ஒரு வாளித் தண்ணீரை வைத்து, அதன் மேல் 'தொடாதே' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினேன். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். எனக்கோ அப்போது தமிழ் எழுத வராது.

கேம்பில் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரைதான் குழாயில் தண்ணீர். அதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் நேற்றைய தண்ணீரைக் கொட்டி, குடத்தைத் தேய்த்து, புதிதாகப் பிடித்தாக வேண்டும். பழைய தண்ணீரை வைத்திருப்பது என்பது பெருக்காத வீடு, குளிக்காத பிள்ளை என்கிற வரிசையில் வரும் அவமானம். மழைக்காலத்தில் இன்னும் மோசம். முனிசிபாலிட்டி ஆட்கள் டார்ச் அடித்து டிரம்முக்குள் கொசுப்புழு தேடுவார்கள். கண்டுபிடித்தால் சந்தே கூடிவிடும். அந்த வருடம் மழை தொடங்கியதும், தண்ணீரில் போடச் சொல்லி வீட்டுக்கு வீடு குளோரின் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள்.

மீன்கள் வந்து மூன்று வாரம் ஆன ஞாயிறு. நான் கண் விழித்தபோது அம்மா தொட்டி அருகே பெருமையாக நின்றிருந்தாள்.

"பாருட்டி, ஒன் மீனுக்கெல்லாம் புதுத் தண்ணி மாத்திட்டேன். ரெண்டு நாளு பழைய தண்ணிய யாராவது ஊத்துவாளா? பாவம், வாயில்லா சீவன். நமக்குப் போட்ட மாத்திரைய அதுகளுக்கும் போட்டிருக்கேன்."

மூலையில் வாளி கவிழ்ந்து கிடந்தது. தொட்டியில் ஆறு மீன்களும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு மாலி பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. வயிற்றுக்காரக் கப்பி ஒரு மூலையில் ஒண்டி, செவுள் படபடக்க நின்றது.

நான் அழவில்லை. அழ நேரம் இல்லை. ஒரு செம்பைத் தூக்கிக்கொண்டு சந்தில் ஓடினேன். குழாயடியில் வரிசை ஏற்கெனவே நின்றது.

"பழைய தண்ணி இருக்கா? யார் வீட்லயாவது பழைய தண்ணி இருக்கா?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பிறகு சிரிப்பு.

"கேம்பே நல்ல தண்ணிக்கு நிக்கி, இவா பழைய தண்ணிக்கு அலையுதா!"

"ஒங்கம்ம சாம்பார் வைக்கவாட்டி?"

பல் தேய்த்துக்கொண்டிருந்த ஓர் அண்ணன் சாக்கடையைக் காட்டி, "கட்டர்ல நெறைய ஓடுது, மோந்துக்கோ" என்றான்.

பதினொரு வீடுகளில் கேட்டேன். ஏழு வீட்டில் கொட்டிவிட்டார்கள். நான்கு வீட்டில் இருந்தது, ஆனால் மாத்திரை போட்டது. மாத்திரை வந்த ஒரே வாரத்தில் எங்கள் சந்து அவ்வளவு சுத்தமாகிவிட்டிருந்தது. திரும்பி ஓடிவரும்போதுதான் எதிர் வீட்டு டிரம் கண்ணில் பட்டது. எதிர் வீட்டு அத்தை மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்து முந்தின நாள் சாயங்காலம்தான் திரும்பியிருந்தாள். போகிற அவசரத்தில் வாசல் டிரம்மைக் கொட்டாமல் பலகை போட்டுக் கட்டிவிட்டுப் போயிருந்தாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். மூன்று வாரமும் அந்தப் பலகையில் உட்கார்ந்துதான் நோட்டு எழுதினேன். மாத்திரை வருவதற்கு முன்பே பிடித்த தண்ணீர்!

ஆனால் அம்மாவும் அந்த அத்தையும் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. குழாய் வரிசையில் ஆளுக்குப் பதில் குடம் நிற்கும். ஒருநாள் அம்மாவின் குடத்தை யாரோ பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அத்தைதான் என்று அம்மா சொன்னாள், இல்லை என்று அத்தை சொன்னாள். அதற்குப் பிறகு இருவரும் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. எங்கள் வாசலுக்கும் அவர்கள் வாசலுக்கும் நடுவே நான்கு அடி.

கேட்காமல் எடுக்கவும் முடியாது. அடுத்தவர் டிரம்மில் கை வைப்பது கேம்பில் திருட்டைவிடப் பெரிய குற்றம். நான் கதவைத் தட்டினேன். பின்னாலேயே அம்மாவும் வந்து நின்றாள். அத்தை பாதி பின்னிய ஜடையும் கையில் சீப்புமாகத் திறந்தாள்.

"அத்தை, பழைய தண்ணி இருக்கா?"

அவள் என் தலைக்கு மேலே அம்மாவைப் பார்த்தாள். பதிலை மட்டும் என்னிடம் சொன்னாள்.

"ஏட்டி, ஒங்கம்மைட்ட சொல்லு. மூணு வாரம் பூட்டிக் கெடந்த வீட்ல புழு நெளியுதான்னு வேவு பாக்க அனுப்பியிருக்காளாக்கும். எந் தண்ணியெல்லாம் சுத்தமா இருக்குன்னு சொல்லு."

திரும்பி அம்மாவிடம் சொன்னேன். "தண்ணி சுத்தமா இருக்காம்." சுத்தமான தண்ணீரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

"நான் யாரையும் கொற சொல்ல வரலன்னு சொல்லு. முனிசிபாலிட்டிக்காரன்ட்ட காட்டிக் குடுக்கவும் வரலன்னு சொல்லு."

அவசரத்தில் முதல் பாதி எனக்கு மறந்துவிட்டது. "முனிசிபாலிட்டிக்காரன்ட்ட காட்டிக் குடுக்க வரலையாம், அத்தை."

"ஓ, அந்த நெனப்பு வேற இருக்கா!" கதவு பாதி மூடியது.

"மைனி!"

அம்மாதான். சந்து முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணி முறை சொல்லும் அந்த வார்த்தை எட்டு மாதமாக எங்கள் வீட்டில் யார் வாயிலும் வந்ததில்லை.

"நாந்தான் மைனி இவா மீனயெல்லாம் கொன்னுட்டேன். நல்ல தண்ணின்னு நெனச்சு மாத்திரத் தண்ணிய மாத்திட்டேன். இவா எடுத்து வச்சிருந்ததக் கொட்டுனதும் நாந்தான். ஒண்ணு பிள்ளத்தாச்சி, மைனி…"

கதவு நின்றது. "பிள்ளத்தாச்சியா?" என்றாள் அத்தை. சீப்பைத் தலையிலேயே செருகிக்கொண்டாள். "அத மொதல்ல சொல்லுததுக்கு என்ன கேடு? நின்னு அழாத, அந்தப் பலகையப் பிடி."

பலகை நகர்ந்தது. உள்ளே தண்ணீர் லேசாகப் பச்சையாக இருந்தது. அதில் நூறு கொசுப்புழுக்களாவது சுருண்டு சுருண்டு நீந்தின. "புழு! புழு இருக்கு!" என்று சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அத்தை என் வாயைப் பொத்தினாள். "கத்தாதட்டி மூதி, ஊருக்கே கேக்கும்!"

மொண்டு நிறைத்த வாளியின் கைப்பிடியை அத்தை பிடிக்க, அடியை அம்மா தாங்க, இரண்டு பேரும் பக்கவாட்டில் நடந்து எங்கள் வாசல்படி ஏறினார்கள். அண்டாவில் ஊற்றினோம். டீ வடிகட்டியால் நான் ஒவ்வொரு மீனாக அள்ளி விட்டேன். அத்தை எண்ணினாள். சாய்ந்த மாலி மட்டும் எழவே இல்லை. மற்ற ஐந்தும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. நாங்கள் மூன்று பேரும் அண்டாவைச் சுற்றிக் குந்தியிருந்தோம். குழாயில் தண்ணீர் வருவது நினைவிருந்தும் யாரும் எழவில்லை.

முதலில் ஒரு கப்பி வாலை ஆட்டியது. பிறகு திடீரென்று பாய்ந்து ஒரு புழுவை விழுங்கியது. அடுத்ததும் பாய்ந்தது. கால் மணி நேரத்தில் அண்டாவில் ஒரு புழு இல்லை. "எம்மா! டார்ச்சுக்காரன் வந்தா இதுகளயில்லா காட்டணும்" என்றாள் அத்தை.

மத்தியானம் அத்தைதான் முதலில் பார்த்தாள். "ஏளா, இங்க வா, கண்ணு மட்டும் ஓடுது!" ஆமாம், கண்கள்தான். ஒவ்வொரு ஜோடிக் கண்ணுக்கும் பின்னால் கண்ணாடி போல ஓர் உடம்பு. என் கணக்கில் பதினொன்று. அம்மா பதின்மூன்று என்றாள். அத்தை பத்துக்கு மேல் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மணி நேரம் அதற்காகச் சண்டை போட்டார்கள். பிறகு அத்தை ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்து, தாய் தின்றுவிடாதபடி குட்டிகளைப் பிரித்து வைத்தாள்.

இன்று ஒரு மருந்துத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அந்த மாத்திரை எத்தனை குடத்துக்கு ஒன்று என்பது இப்போது தெரியும். அம்மா அந்தச் சின்னத் தொட்டியில் முழுசாக ஒன்றைப் போட்டிருந்தாள். ஐந்து பிழைத்ததே அதிகம். அந்த நோட்டும் என்னிடம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கங்களில் ஒரு புகார் இருக்கிறது.

அந்த ஞாயிறுக்குப் பிறகு அத்தை வாரா வாரம் ஒரு வாளித் தண்ணீரை இரண்டு நாள் திறந்து வைத்து, தானே தூக்கிக்கொண்டு வருவாள். எங்கள் தொட்டிக்கு வாரத்துக்கு நான்கு மக்கு தண்ணீர் போதும். தவிர, எங்கள் வாளியும் மூலையில் நிறைந்தே இருந்தது. இப்போது அதில் தமிழில் எழுதி ஒட்டியிருந்தது, அத்தையின் கையெழுத்தில். அவர்கள் தண்ணீர் நமக்குத் தேவையே இல்லை என்று அம்மாவிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். "வாய மூடிக்கிட்டு இரு" என்றாள் அம்மா. அத்தை போனதும் அந்தத் தண்ணீரை வாசலில் ஊற்றிக் கழுவிவிடுவாள். ஒரு மக்கு தண்ணீர் சிந்தினால் என்னை அடிக்கிற அம்மா! பிறகு காலி வாளியைத் துடைத்து, தலையைச் சீவிக்கொண்டு, திருப்பிக் கொடுக்கப் போவாள்.

நான் அதை நேரம் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். தண்ணீர் வீண், ஒரு வாளி. தூரம், நான்கு அடி. வாளியைக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஆன நேரம், ஒன்றேகால் மணி. காரணம், தெரியவில்லை.