எங்கள் வளவைக் கடந்துபோனவர்

எங்கள் வளவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலுள்ள படலை என் இடுப்பு உயரம்கூட இல்லை. ஐந்து நெடும்பலகை, இரண்டு குறுக்குப்பலகை, பச்சை வர்ணம், மேலே ஓர் இரும்புக் கொளுக்கி. கொளுக்கி வளையத்தில் விழும்போது சிறிதாக ஒரு சத்தம் வரும். 2003ஆம் ஆண்டு ஒக்டோபரில் நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிபோன மறுநாள் காலை, ஆறு ஐம்பதுக்கு, அந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டேன். சமையலறை யன்னலால் எட்டிப் பார்த்தேன். மெலிந்து உயர்ந்த ஒரு முதிய பெண், சாம்பல் நிறக் கோட்டும் றப்பர் சப்பாத்துமாக, ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டியோடு எங்கள் வளவுக்குள் நின்றார். படலையைச் சாத்தினார். கொளுக்கியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மறுபடியும் இடப்பக்கம் பார்த்தார். அதன் பின்னரே எங்கள் முற்றத்தைக் குறுக்காகக் கடந்து பின்தோட்டத்துக்குப் போனார். அன்று மாலை கொப்பியில் இப்படி எழுதினேன்: "6.50. பக்கத்து வீட்டு அம்மா. தள்ளுவண்டி. யாராவது பார்க்கிறார்களா என்று இரு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தார்."

கொப்பி எழுதும் பழக்கம் எனக்கு ஜேர்மனிக்கு வந்த பிறகுதான் ஏற்பட்டது. அகதி விண்ணப்ப விசாரணையில் ஒரே சம்பவத்துக்கு இரண்டு வெவ்வேறு திகதிகளைச் சொல்லிவிட்டேன். எதிரே இருந்த அதிகாரி கோபிக்கவில்லை. இரண்டு திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்தார். அந்தக் கோட்டால் நான் இழந்த வருடங்கள் மூன்று. அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் எழுதுகிறேன். எழுதியதை அடிப்பதில்லை. பிழை என்று பிறகு தெரியவந்தால், ஓரத்தில் திகதியிட்டுத் திருத்தத்தை எழுதுவேன். மூலம் அப்படியே இருக்கும்.

பிராங்பேர்ட்டில் பதினொரு வருடம் மூன்றாம் மாடியில் இருந்தோம். வீடு வாங்குவது என்று முடிவெடுத்தபோது நகரத்துக்கு அருகில் எதுவும் எங்களுக்கு எட்டவில்லை. ரயிலில் ஒரு மணித்தியாலம், பிறகு பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வரும் ஒரு கிராமப்புற மாவட்டத்தில், நூற்றுச் சொச்சம் வீடுகள் மட்டுமே உள்ள ஊரில் இந்த வீடு அகப்பட்டது. ஊரின் கீழ்க்கோடியில் முன்பு ரயில் ஓடிய பாதை இருந்தது. தண்டவாளங்களைக் கழற்றி அதைச் சைக்கிள் பாதையாக ஆக்கியிருந்தார்கள். மற்றபடி ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, நிறைய யன்னல் திரைகள். நாங்கள் தெருவால் போனால் அந்தத் திரைகள் அசையும்.

இந்த நாட்டில் வீட்டு உறுதிப் பத்திரத்தை நொத்தாரிசு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரத்து வாசிக்க வேண்டும். அது சட்டம். எங்களுடைய நொத்தாரிசு மூச்சு விடாமல் நாற்பது நிமிடம் வாசித்தார். மனைவி என் காதுக்குள் சொன்னாள்: "இஞ்சேருங்கோ, எங்கட கலியாணத்தில ஐயரும் இப்பிடித்தான் வாசிச்சவர். அப்பவும் நீங்கள் ஒண்டும் விளங்காமல் தலையாட்டினனீங்கள்." நான் சிரிக்கவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு வரி என் காதில் குத்தி நின்றுவிட்டது. எங்கள் வளவுக்குப் பின்னாலுள்ள தோட்டக்காணியின் சொந்தக்காரருக்கு, எங்கள் முற்றத்தால் நடந்துபோகவும் தள்ளுவண்டி கொண்டுபோகவும் உரிமை உண்டு என்று நிலப்பதிவேட்டில் பதிந்திருந்தது. கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னேன். நொத்தாரிசு கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "பழைய விஷயம். அந்தக் காணி பக்கத்து வீட்டு அம்மாவுடையது. அவர் வீட்டின் பின்னால் வேறொருவருடைய களஞ்சியம் அடைத்துக்கொண்டு நிற்கிறது, வேறு வழியில்லை. கோழி வளர்க்கிறார், அவ்வளவுதான்" என்றார். கையெழுத்திட்டேன். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் எங்கள் அப்பாவுக்கும் யாழ்ப்பாணத்தில் அவ்வளவுதான் என்றுதான் சொன்னார்கள். பின்வளவுக்காரர் கிணற்றில் தண்ணீர் அள்ள நடந்துபோக ஒரு வழி கேட்டார். அப்பா விட்டார். முதலில் வாளி வந்தது, பிறகு சைக்கிள், பிறகு மாட்டு வண்டி. பத்து வருடம் கழித்து அது ஒழுங்கை, எல்லோருக்கும் பொதுவான பாதை என்று நீதிமன்றத்தில் தீர்ப்பானது. வேலியை உள்ளே நகர்த்திப் போட்ட அன்று அப்பா சொன்னதை நான் மறக்கவில்லை: "வழி விட்டவன் வளவு விட்டவன்." எங்களிடம் இருந்ததெல்லாம் இந்த ஒரு வளவுதான். அதையும் விட்டால் இன்னொன்று வாங்க எனக்கு வயது இல்லை.

எனவே எழுதத் தொடங்கினேன். காலை ஆறு ஐம்பது, மாலை நான்கு இருபது. வண்டியில் என்ன இருந்தது, எத்தனை நிமிடம் தோட்டத்தில் நின்றார், திரும்பும்போது எந்தப் பக்கம் பார்த்தார். யாராவது படலையைத் திறந்துவிட்டுப் போனால் உடனே இறங்கிப்போய்ச் சாத்தினேன். நான் வேலைக்குப் போன நாட்களில் சில்லின் தடத்தைப் பார்த்து எழுதினேன். மழைக்காலத்தில் தடம் வழக்கத்தைவிட இடப்பக்கம் விலகியிருந்தது. அளவு நாடாவால் அளந்தேன்: பதினொரு சென்றிமீற்றர். ஒரு சேற்றுக்குழியைச் சுற்றிப் போயிருக்கிறார் என்பது தெரிந்தது. ஆனாலும் ஒழுங்கைகள் அப்படித்தான் பிறக்கின்றன. வழியின் இரு கரையிலும் வெள்ளைக் கற்களை வரிசையாகப் பதித்தேன். இரண்டு கிழமையில் மூன்று கற்கள் இடம் மாறியிருந்தன. படம் எடுத்தேன், வரைபடம் கீறினேன், மாலையில் மனைவியிடம் காட்டினேன்.

"அது நான்தான்" என்றாள். "உடுப்புக் காயப்போட இடைஞ்சலாக் கிடந்தது. ஏன், அதையும் எழுதிப்போட்டீங்களோ?"

எழுதியிருந்தேன். ஓரத்தில் திருத்தம் போட்டேன்.

மனைவிக்கும் அந்த அம்மாவுக்கும் இடையில் முட்டைப் பழக்கம் ஏற்பட்டிருந்தது. அவர் முட்டை தருவார், இவள் வடையோ ரொட்டியோ கொடுப்பாள். வேலிக்கு மேலால் இருவரும் நீண்ட நேரம் கதைப்பார்கள். இவளுடைய ஜேர்மன் மொழி என்னுடையதைவிடக் குறைவு. ஆனால் இவள் அதைப்பற்றிக் கவலைப்படுவதில்லை. முட்டை வாங்க வேண்டாம் என்று சொன்னேன். நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் வாங்கிய முட்டை வாயை அடைத்துவிடும். "உமக்கு விளங்காது" என்றேன். "ஓம், எனக்கு விளங்காது. நாளைக்குக் காலமை பொரிச்ச முட்டை வேணுமோ வேண்டாமோ, அதைச் சொல்லுங்கோ" என்றாள். நான் சாப்பிட்டேன். சாப்பிட்டதையும் எழுதினேன்.

நாங்கள் குடிவந்து நான்காவது வருடம், மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அந்த அம்மா படலையால் வராமல் தெருவால் சுற்றி வந்து முன்கதவு மணியை அடித்தார். நல்ல கோட்டு அணிந்திருந்தார். மேசையில் அமர்ந்து, தேநீரைத் தொடாமல், நேராக விஷயத்துக்கு வந்தார். பின்தோட்டத்தை எங்களுக்கே எழுதித் தர விரும்பினார். சிறு விலைதான். ஒரேயொரு நிபந்தனை: தான் உயிரோடு இருக்கும்வரை கோழிகளிடம் போய்வர வேண்டும். தனக்குப் பிறகு அந்த வழியுரிமைப் பதிவை அழித்துவிடலாம். எங்கள் முற்றத்தால் ஒருவரும் நடக்க மாட்டார்கள். நொத்தாரிசைச் சந்திக்க அடுத்த வியாழனுக்கு டெர்மின் எடுத்துவைத்திருந்தார். "எனக்குப் பிறகு எல்லாம் என் பெறாமகனுக்குத்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அவசரக்காரன். என் கையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்" என்றார்.

நான்கு வருடமாக நான் பயந்துகொண்டிருந்த ஒன்று மேசையில் வந்து தானாகவே கரைந்தது. எனக்கு வந்தது மகிழ்ச்சி அல்ல. "ஏன் எங்களுக்கு?" என்று கேட்டேன். அவர் யன்னலால் படலையைப் பார்த்தார். "இந்த ஊரில் ஒவ்வொரு முறையும் படலையைச் சாத்துகிறவர் நீங்கள் ஒருவர்தான்" என்றார். அது குத்தல் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன். நான் வேவு பார்ப்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார், நாகரிகமாகச் சொல்லிக் காட்டுகிறார் என்று நினைத்தேன். யோசிக்க நேரம் வேண்டும் என்றேன். வியாழக்கிழமை டெர்மினை அவர் தள்ளிவைத்தார்.

பிராங்பேர்ட்டில் எங்களுக்கு முன்பே வீடு வாங்கியிருந்த ஓர் அண்ணையிடம் தொலைபேசியில் விசாரித்தேன். "கவனம் தம்பி" என்றார். "ஜேர்மன்காரர் கடிதம் தந்தால் மூண்டு தரம் வாசி. சிரிச்சுக்கொண்டு தந்தால் ஆறு தரம் வாசி. சும்மா ஆரும் காணி தருவினமோ? நிலத்துக்குள்ள என்ன கிடக்குதெண்டு பார்." அது எனக்குப் போதுமாக இருந்தது. பழைய ரயில் பாதை அந்தக் காணியிலிருந்து அதிக தூரமில்லை. தாரில் ஊறிய பழைய சிலீப்பர்க் கட்டைகளைப் புதைத்திருக்கலாம். பிறகு சுத்தப்படுத்தும் பொறுப்பு வாங்கியவர் தலையில் விழும். அவர் தோட்டத்துக்கு வராத ஒரு நேரம் பார்த்து, ஐந்து இடங்களில் மண் கிண்டி ஐந்து ஜாம் போத்தல்களில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் இலக்கம் ஒட்டி, ஒரு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். கிண்டுவதற்கு முன் நானும் இரு பக்கமும் பார்த்தேன் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. அதை மட்டும் எழுதவில்லை.

மனைவி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள், "அந்த மனிசி ஒவ்வொரு நாளும் கேக்குது, நீங்கள் யோசிச்சு முடிஞ்சுதோ எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது? மண்ணைப் போத்தலில போட்டு அனுப்பிப்போட்டுப் பாத்துக்கொண்டிருக்கிறார் எண்டு சொல்லவோ?" என்றாள். "இன்னும் ஒரு கிழமை எண்டு சொல்லும்" என்றேன். மூன்று தடவை அப்படிச் சொல்லவைத்தேன்.

ஐந்தாவது கிழமை பதில் வந்தது. மண் சுத்தம். ஐந்து போத்தலும் சுத்தம். அந்தக் கடிதத்தை நான் பிரித்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. அன்று காலை ஆறு ஐம்பதுக்குப் படலைச் சத்தம் கேட்கவில்லை. "வரவில்லை" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தேன். இதுவும் ஏதோ ஒரு திட்டம் என்று நினைத்தே அந்தக் குறியைப் போட்டேன். முதல்நாள் இரவே பாரிசவாதம் வந்து, தெருப்பக்கமாக அவரை அம்புலன்ஸில் கொண்டுபோயிருந்தார்கள். எங்கள் படுக்கையறை தோட்டப்பக்கம். கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாவட்ட வைத்தியசாலைக்குப் போனோம். பரிசோதனைக் கடிதம் என் கோட்டுப் பையில் இருந்தது. அதை ஏன் கொண்டுபோனேன் என்று தெரியவில்லை. அவருடைய வலக்கை மடியில் ஒரு பொருளைப் போலக் கிடந்தது. பேச்சு இல்லை. என்னைப் பார்த்ததும் இடக்கையை உயர்த்தி, விரல்களை எழுதுவதைப் போல அசைத்தார். பிறகு தன் வலக்கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த நிலையில் எந்த நொத்தாரிசும் அவருக்கு உறுதி வாசிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது.

அப்போது ஒரு தாதி அவரைச் சக்கர நாற்காலியில் வேறொரு பரிசோதனைக்குக் கொண்டுபோக வந்தார். அறைவாசலில் நாற்காலி நடைவழிக்கு இறங்கும் இடத்தில், அந்த அம்மா இடக்கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். தாதி நின்றார். அவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மறுபடியும் இடப்பக்கம் பார்த்தார். கையைக் கீழே போட்டார். போகலாம். தாதி எங்களைப் பார்த்துச் சிரித்து, "ஒவ்வொரு வாசலிலும் இப்படித்தான்" என்றார்.

நான் மனைவியிடம், "இதென்ன பழக்கம்?" என்று கேட்டேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அவ முப்பது வருசம் ரயில் கடவையில கேற் மூடுற வேலை பாத்தவ. உங்களுக்குத் தெரியாதே? நான் முட்டை வாங்கப்போன முதல்நாளே சொன்னவ. இவ்வளவு காலம் அந்த மனிசியைப் பற்றி எழுதினீங்கள். ஒருநாளாவது அவவிட்ட என்ன வேலை செய்தனீங்கள் எண்டு கேட்டனீங்களோ?"

கேட்டதில்லை. நான்கு கொப்பிகளிலும் தேடிப் பார்த்தேன். நான் அவரிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான் பதிவாகியிருந்தது: 'ஏன் எங்களுக்கு?' அதற்கு அவர் சொன்ன பதிலை, படலையைச் சாத்துகிறவனைப் பற்றி, ஒரு கடவைக்காரர் மனம் திறந்து சொல்லக்கூடிய மிக உயர்ந்த பாராட்டை, நான் குத்தல் என்று குறித்து வைத்திருந்தேன்.

ஆவணி பிறக்க முன் அவர் போய்விட்டார். பெறாமகன் உண்மையிலேயே கெட்டவர் அல்ல, அவசரக்காரர்தான். காணியை எங்களுக்குத் தரமுடியுமா என்று கேட்க நான் எழுதிய கடிதம், ஆறு தரம் வாசித்துத் திருத்தி முடித்து, அவருக்குக் கிடைத்தபோது வீடும் காணியும் விற்றாகிவிட்டன. வாங்கியவர் விழாக்களுக்குக் கூடாரம் வாடகைக்குக் கொடுக்கிறவர். கோழிக்கூடு இருந்த இடத்தில் இப்போது தகரக் கொட்டகை. அவருடைய ஆட்கள் குழாய்களைத் தோளிலும் தள்ளுவண்டியிலும் கொண்டு எங்கள் முற்றத்தால் போய்வருகிறார்கள். நடக்கிறார்கள், வண்டி தள்ளுகிறார்கள். பதிவேட்டில் உள்ளபடி எல்லாம் சட்டம். அவர்களைப் பற்றி நான் எழுதுவதில்லை. எழுதி ஆகப்போவது எதுவுமில்லை. ஆனாலும் அந்தக் கூடாரக்காரர் போன கிழமை சிரித்துக்கொண்டே ஒரு கடிதம் தந்தார். அதை இன்று நாலாவது தரம் வாசித்தேன். குணம் அப்படி லேசில் போகாது.

படலையை அவர்கள் ஒருநாளும் சாத்துவதில்லை. கொளுக்கி தொங்கிக்கொண்டு கிடக்கும், காற்றுக்குப் பலகை அடிக்கும். அவர்கள் போன பிறகு நான் இறங்கிப்போய்ச் சாத்திவிட்டு வருகிறேன். இன்று காலையும் போனேன். கொளுக்கி வளையத்தில் விழுந்தது. ஒருமுறை இழுத்துப் பார்த்தேன். உள்ளே வந்து, முதற் கொப்பியை எடுத்து, ஒக்டோபர் மாதத்துப் பக்கத்தைப் புரட்டினேன். "யாராவது பார்க்கிறார்களா என்று இரு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்தார்." மூலம் அப்படியே இருக்கிறது, அடிக்கவில்லை. ஓரத்தில் இன்றைய திகதியிட்டு எழுதினேன்: "பிழை. ரயில் வருகிறதா என்று பார்த்தார்."