கெவினைத் தலைகீழாக வரவேற்றோம்

இன்று எங்கள் ஓசூர் கம்பெனிக்கு முக்கியமான விருந்தாளி. பெயர் கெவின். புது ஆர்டர் தரப்போகும் கம்பெனியின் ஆள். அதன் தலைமை அலுவலகம் இஸ்ரேலில்.

"வெல்கம் கெவின்னு இங்கிலீஷ்ல எல்லாருந்தான் போடறாங்க. நீ அவங்க ஹீப்ரு எழுத்துல போடுப்பா" என்றார் மேனேஜர்.

எழுத்துகளைப் போனில் தேடி எடுத்தேன். அசெம்ப்ளியில் வேலை செய்யும் மஞ்சுளா அதைப் பார்த்து, ரிசப்ஷன் வாசலில் ரோஜா இதழ்களால் அச்சு அசலாகப் போட்டுக் கொடுத்தார்.

கெவின் வந்தார். லண்டன்காரராம். "அழகாக இருக்கிறதே, இது என்ன டிசைன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்கள் பெயர்தான் சார், ஹீப்ருவில்" என்றேன்.

தனக்கு ஹீப்ரு தெரியாது என்று சிரித்தவர், வாசலில் நின்றபடியே போட்டோ எடுத்து இஸ்ரேலுக்கு அனுப்பிவிட்டார்.

அவரை உள்ளே அழைத்துப் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தேன். உள்ளே நின்ற எனக்குப் பெயர் நேராகத் தெரிந்தது. அப்படியென்றால் வாசலில் நின்றவருக்கு? இஸ்ரேலுக்குப் போன போட்டோவும் தலைகீழ்தான்.

மஞ்சுளாவிடம் ஓடினேன்.

"வெளிய லாரி வந்து போயிட்டிருந்துச்சு சார், உள்ளார உக்காந்து போட்டேன். கோலத்துக்கு ஏது சார் தலை, காலு?"

மாலையாகிவிட்டது. இஸ்ரேலிலிருந்து பதில் இல்லை. மேனேஜருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

ஹீப்ரு தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். கெவினைத் தலைகீழாகப் படித்தால் கெட்ட வார்த்தை எதுவும் வந்துவிடாதே?